இடது பக்கப் பின்கதவு

பூஜை போட்டீங்களான்னு கேப்பாங்க அம்மிணி. இல்லைன்னு சொல்லிருங்க. பொய்தான், பரவால்ல. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது.

இல்லீங்க, நான் இங்க வேலை செய்யறவன் இல்ல. உங்களாட்டம் வண்டியை விட்டுட்டு உக்காந்திருக்கறவன்தான். உள்ள வரும்போது பாத்தேன், உங்க வண்டி பானெட்டை நீங்க வெரல்ல தடவித் தடவிப் பாத்துட்டு இருந்தீங்க. அந்தத் தடவலைப் பாத்தாலே தெரிஞ்சு போயிரும். பெயிண்ட்டுங்களா? அதான். வண்டி எடுத்து எத்தனை நாளாச்சு? இருவது நாளா? அட சாமி. எனக்கு இருவத்திரெண்டாம் நாள் தெரிஞ்சுதுங்க.

உக்காருங்க. அந்தக் காப்பி மிஷின் பக்கம் மட்டும் போயிராதீங்க, வெந்நியில சக்கரையைப் போட்டுக் குடுக்கும். நம்மளைக் கூப்புட எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். ஸ்பீக்கர்ல கூப்புட்டாலும் பேரைத் தப்பாத்தான் சொல்லுவாங்க. என்ற பேரு சென்னியப்பன். போன தடவை சின்னப்பன்னு கூப்புட்டாங்க, எவனோ சின்னப்பன்னு நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன்.

நான் பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தவனுங்க. முப்பத்தொரு வருசம். கீழ லைட் எரியற டேபிள் மேல துணி ஓடிட்டே இருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் விட்டது, எது கண்ணுல பட்டாலும் அந்த எடத்துல செகப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டணும். அவ்வளவுதான் வேலை. அதைச் சரி பண்றது நம்ம சோலி இல்ல. நம்ம ஒட்டணும், தள்ளணும். துணிக்கு ரெண்டு பக்கமும் பாக்கணும், அது முக்கியம். ஒரு பக்கம் பாத்துட்டு விட்டீங்கன்னா வெளிநாட்டுக்காரன் பெட்டியோட திருப்பி அனுப்பிருவான். என்ற கையில பாஸ் ஆன துணி ஒருக்காலும் திரும்பி வந்தது இல்லீங்க. கம்பெனியில கேட்டுப் பாருங்க.

அந்த வேலையில இருந்து நின்ன வருசந்தான் காரு எடுத்தோம். வெள்ளை. நான்தான் வெள்ளை வேணும்னேன். வெள்ளையில எதையும் மறைக்க முடியாதுல்லங்க.

ஊட்டுல நாங்க மூணு பேரு. நானு, ஊட்டுக்காரி சுலோச்சனா, என்ற அக்கா தெய்வாத்தா. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, ஓசூர்ல இருக்குது. அக்கா எனக்கு அஞ்சு வயசு மூத்தது. கல்யாணமாகி எட்டு மாசத்துல மாமன் போயிட்டாரு. கிணத்து மோட்டாரைப் போடப் போனவரு, கரண்ட் அடிச்சுப் போச்சு. அக்காளுக்கு அப்ப இருவத்திநாலு வயசு. எங்க கூடயே வந்துருச்சு. நானும் சுலோச்சனாவும் காத்தால எட்டு மணிக்கு வேலைக்குப் போனா பொழுதோடதான் வருவோம். என்ற பொண்ணை வளத்தது பூராவும் அக்காதான். அதைக் கையெழுத்துப் போட்டே குடுப்பேன்.

வண்டி எடுத்த அன்னிக்கு ஷோரூம்ல பட்டுத்துணி போட்டு மூடி வெச்சிருந்தாங்க. மணி அடிச்சாங்க, கேக்கு வெட்டச் சொன்னாங்க, எல்லாரும் கையைத் தட்டினாங்க. அப்பறம் நேரா பிள்ளையார் கோயிலுக்கு விட்டோம். நாலு எலுமிச்சம்பழம், பூசணிக்காய், எல்லாம் முறைப்படி. அய்யரு தட்டை நீட்டி, பொம்பளைங்க யாராச்சும் வந்து சந்தனம் குங்குமம் வெய்யுங்கன்னாரு. சுலோச்சனா மகளோட போன்ல பேசிட்டு இருந்தா. வண்டியை வீடியோவுல காட்டிட்டு இருந்தா. தட்டு அப்படியே நிக்குது. அக்காதான் எட்டிக் குங்குமத்தைத் தொட்டுச்சு.

முன்னாடி வெக்கலீங்க. பானெட் பக்கமே போகல. சுத்திப் போயி இடது பக்கப் பின்கதவுல, கைப்பிடிக்குக் கீழ, மூணே மூணு பொட்டு. அது உக்காரப் போற கதவு அதுதான். வெச்சுட்டு ரெண்டடி தள்ளி நின்னு பாத்துச்சு. எங்கூட்டுக்கு வந்த மொத காருங்க. அதுக்கும் ஒரு ஆசை இருக்குமில்லீங்களா.

சுலோச்சனா போனை வெச்சுட்டுத் திரும்பிப் பாத்தா. மறுக்கா முன்னாடி போயி பானெட்டுல அவ ஒரு பொட்டு வெச்சா. அவ்வளவுதான் நடந்தது.

அப்பறம் இருவத்திரெண்டாம் நாளு. மொத மொத நானே வண்டியைக் கழுவினேன். தொடைக்கும்போது அந்தக் கதவுல கை நின்னு போச்சுங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. கைக்குத் தெரியுது. பெயிண்ட்டுக்குள்ள பொரி பொரியா, வேர்க்குருவாட்டம். நம்மது செக்கிங் கையில்லீங்களா. போர்ட்டிகோ லைட்டைச் சாச்சுப் புடிச்சுப் பாத்தா, அப்பறம் கண்ணுக்கும் தெரிஞ்சுது. பழைய பையில இருந்த அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்தேன். ஒண்ணொண்ணா ஒட்டினேன். நாப்பத்தொண்ணு. அந்தக் கதவுல மட்டும் நாப்பத்தொண்ணு. தெருவுல போறவங்க, என்னங்க சென்னியப்பா, காரை எக்ஸ்போர்ட் பண்றீங்களான்னு கேட்டாங்க.

ஸ்டிக்கரோடயே இங்க கொண்டாந்தேன். அதோ அந்த ரெண்டாவது மேசையில இருக்கறாரே, நிர்மல்னு பேரு, அவருதான் வந்து பாத்தாரு. குனிஞ்சு பாத்தாரு, நகத்துல சொரண்டினாரு. மொதக் கேள்வி அதுதானுங்க. "பூஜை போட்டீங்களா சார்?" போட்டோம்னேன். "கதவுல குங்குமம் வெச்சீங்களா?" வெச்சோம்னேன். உண்மையைச் சொல்றதுல என்னங்க. அவரு பாட்டுக்கு சீட்டுல எழுதிட்டாரு. காரணம்: குங்குமம். இப்பெல்லாம் குங்குமத்துல சுண்ணாம்பும் கெமிக்கலும் கலக்கறாங்களாம், அது பெயிண்ட்டைப் பொத்துக்க வெச்சிருச்சாம், கம்பெனித் தப்பு இல்லையாம். மூணு பொட்டு வெச்சா நாப்பத்தொரு பொரி எப்படிங்கன்னேன். பரவும் சார்ன்னாரு. தொத்து வியாதியாட்டம்.

எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. சிரிச்சுட்டேதான் ஊட்டுக்குப் போனேன். ராத்திரிச் சாப்பாட்டுல அதைச் சொன்னேன். கேட்டுக்கங்க, குங்குமத்தால வந்ததாமா, எழுதியே குடுத்துட்டான்னு சீட்டை எடுத்துக் காட்டினேன். அக்கா எனக்கு ரசம் ஊத்திட்டு இருந்துச்சு. சுலோச்சனா சீட்டை வாங்கிப் பாத்தா. பாத்துட்டு, "யாரு வெச்ச குங்குமம்னு கேக்கலியாக்கும்?"ன்னா.

அவ கெட்டவ இல்லீங்க. அப்படி நெனச்சுராதீங்க. அவளுக்கு ஒரு பயம், அவ்வளவுதான். புது வண்டி, ரோட்டுல போறது, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா. அக்கா கரண்டியை வெச்சுட்டு அப்பளம் எடுக்க உள்ள போச்சு. நான் ரசத்தைக் குடிச்சேன்.

நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க. அதுல எனக்கெல்லாம் நம்பிக்கை கெடையாது. யாரு எதை வெச்சா என்ன. பெயிண்ட்டுக்கு ஆளு தெரியுமா? அதனால நான் அந்தப் பேச்சுக்கே போகல. அக்காளை ஒரு வார்த்தை, ஒரு பார்வை, எதுவும் இல்ல. அன்னையில இருந்து இன்னிக்கு வரைக்கும்.

என்ற கோவம் பூராவும் கம்பெனி மேலதான். சும்மா கதவை வேற பெயிண்ட் அடிச்சுத் தாரோம், ஓசியா, வெளிய சொல்லிக்க வேண்டாம்னாங்க. வேண்டாம்னுட்டேன். ஃபேக்டரி பெயிண்ட் ஒருக்கா போச்சுன்னா போனதுதான். மூணு கதவு ஒரு வெள்ளை, அது ஒண்ணு மட்டும் வேற வெள்ளையா நிக்கும். அதைவிட, தப்பு எங்களுதுன்னு எழுதிக் குடுங்கன்னேன். எழுத்துல வேணும். குங்குமம்னு எழுதத் தெரிஞ்சுதுல்ல, அதே பேனாவுல இதையும் எழுது. ஏன் அவ்வளவு பிடிவாதம்னு சுலோச்சனா கேட்டா. கொள்கைன்னேன். முப்பத்தொரு வருசம் அடுத்தவன் தப்பை ஒட்டிட்டே இருந்தவன், என்ற வண்டியில விட்டுருவேனா.

அந்த மாசமே ஆயுத பூஜை வந்துருச்சு. வண்டியைக் கழுவி மாலை போட்டு வாசல்ல நிறுத்தியாச்சு. ஸ்டிக்கர் மட்டும் எடுக்கல, ஆதாரம். சுலோச்சனா தட்டோட வெளிய வரப் போறா. அக்கா கட்டுன புதுச் சீலையோட திண்டாடிட்டு நின்னுட்டு இருக்குது, போறதா நிக்கறதான்னு. வெய்யலுங்க அன்னிக்கு. நான் கூப்புட்டு, அக்கா, கடைக்குப் போயி ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்கிட்டு வந்துரு, சாம்பாருக்கு இல்லேன்னேன்.

எங்க வாசல்லயே ஒரு கறிவேப்பிலை மரம் நிக்குதுங்க. வண்டி நின்ன எடத்துக்கு நேரா. கோளாறு என்னன்னா அது எனக்கு அப்ப ஞாபகம் வரல. அக்கா மரத்தை ஒருக்கா பாத்துச்சு, பையை எடுத்துட்டுப் போச்சு. வரும்போது பூஜை முடிஞ்சு பூசணிக்காயும் ஒடச்சாச்சு. வாங்கிட்டு வந்ததைச் சமையல்கட்டுல வெச்சுட்டு சீலையை மாத்திட்டு வந்துருச்சு. ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லிருப்பேன், வெய்யல்ல நிக்க வேண்டாம்னுதான்னு.

அதுக்கு மேல அக்கா வண்டியில ஏறல. எங்கயாச்சும் போலாம் வான்னா, பஸ்ஸுல போனாத்தான் காத்தாட இருக்குதுங்கும். சிலருக்கு அப்படித்தானுங்க, ஏசி ஒத்துக்காது. ஓசூருக்குப் பொண்ணைப் பாக்கப் போனப்பக்கூட நாங்க கார்ல, அக்கா பஸ்ல. எங்களுக்கு முன்னாடியே போயி எறங்கி நின்னுச்சு.

தீவாளி நோம்பி கழிஞ்சு பத்து நாள் இருக்கும். வெள்ளக்கோவில்ல ஒரு பள்ளிக்கூடத்து ஹாஸ்டல்ல சமையலுக்கு ஆள் கேக்கறாங்க, போறேன்னு சொல்லுச்சு. அறுவத்திமூணு வயசுல என்னத்துக்குக்கான்னேன். சும்மா உக்காந்திருந்தா கை காலு புடிச்சுக்குது தம்பின்னுச்சு. ரெண்டு சீலைப் பை, ஒரு டிபன் கேரியரு. கார்ல கொண்டு போயி விடறேன்னேன். வேண்டாம்னுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவுல போச்சு. நான் கேட்டு வரைக்கும் போனேன்.

வெசனமாத்தான் இருந்துச்சு. இல்லேன்னு சொல்ல முடியாது. ஆனா எனக்கு அப்ப கம்பெனிக்கு லெட்டரு எழுதற வேலை. வக்கீலை வெச்சு நோட்டீசு விட்டேன். பதில் வரும், அதே பதில். குங்குமம். மறுக்கா எழுதுவேன். காத்தால எந்திரிச்சா லெட்டரு, பொழுது சாஞ்சா கதவு. நெசத்துக்குச் சொல்றேன் அம்மிணி, ஒரு கட்டத்துல கோவம்கூட வரலீங்க. மரத்துப் போச்சு. பல் டாக்டரு ஊசி போட்டா உதடு இருக்கும், இருக்கறது தெரியாது பாருங்க, அப்படி. சோறு ஆக்கி வெச்சா திம்பேன். ஆக்கி வெக்கறது யாருன்னு பாக்க மாட்டேன்.

கடைசியா மாசி மாசம் மெட்ராஸ்ல இருந்து கம்பெனி ஆளு ஒருத்தரு வந்தாரு. தங்கமான மனுசன். கையில செல்போனாட்டம் ஒரு மிஷினு, பெயிண்ட்டு மேல வெச்சா தடிமனைச் சொல்லும். இடது பக்கப் பின்கதவைப் பாத்தாரு, எழுதிக்கிட்டாரு. அப்பறம் சுத்தி வந்து வலது பக்கப் பின்கதவைத் திறந்தாரு. ஓரத்துல இருக்கற ரப்பரை இழுத்துட்டு, சார் கையை வெய்யுங்கன்னாரு. வெச்சேன். பொரி பொரியா. அந்த ரப்பருக்கு அடியில. அப்பறம் டிக்கிக்கு உள்பக்கம். அங்கயும். பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே தூசி விழுந்திருக்குதாம். "இங்கெல்லாம் யாரு சார் குங்குமம் வெச்சிருப்பாங்க?"ன்னு அவரே சிரிச்சாரு.

அஞ்சு மாசம் அம்மிணி. அந்த ஒரு கதவை மட்டுந்தானுங்க நான் பாத்துட்டு இருந்தேன். வேற கதவை ஒருக்காகூடத் தொட்டுப் பாக்கல. வயசாகுதில்ல, கண்ணு முன்ன மாதிரி இல்ல. சுலோச்சனா கேட்டா, ரெண்டு பக்கமும் பாக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்கன்னு. கண்ணு தெரியலைன்னேன். கையுமா தெரியலைன்னா. அவ சும்மா எதையாச்சும் சொல்லிட்டே இருப்பா.

சித்திரையில லெட்டரு வந்துச்சு. இதோ பாருங்க, லேமினேசன் பண்ணி வெச்சிருக்கறேன். இங்கிலீசுல இருக்குது. உற்பத்தியின்போது ஏற்பட்ட குறை, வெளிக்காரணம் எதுவும் காணப்படவில்லை. கையெழுத்து, சீலு. மூணு எடத்துல பெயிண்ட் அடிச்சுக் குடுக்கறாங்க, அதுக்குத்தான் இன்னிக்கு வந்தது. சுலோச்சனாகிட்டக் காட்டினேன். படிச்சா. அப்பறம், "போயி உங்க அக்காளைக் கூட்டிட்டு வாங்க"ன்னா. நாங்கூட அவ அப்படிச் சொல்லுவான்னு நெனைக்கல.

போன ஞாயித்துக்கெழமை வெள்ளக்கோவில் போனேன். ஹாஸ்டல் கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில வண்டியை நிறுத்திட்டு ஆளு விட்டுக் கூப்புட்டேன். அக்கா வந்துச்சு. எளைச்சிருந்துச்சு. வாக்கா, உள்ள உக்காந்து பேசலாம், ஏசி போடறேன்னேன். கையெல்லாம் மாவு தம்பி, இங்கயே நிக்கறேன்னுச்சு. வண்டிக்கு நாலடி தள்ளித்தான் நின்னுச்சு. ஸ்டிக்கரெல்லாம் எடுத்துட்டியான்னு கேட்டுச்சு. எடுத்துட்டேன்னேன்.

லெட்டரை எடுத்துத் தமிழ்ல சொன்னேன். ஒருக்கா கேட்டுச்சு. மறுக்கா படின்னுச்சு. படிச்சேன். தூசின்னா எந்தத் தூசின்னு கேட்டுச்சு. ஃபேக்டரித் தூசிக்கா, வண்டி நம்ம கைக்கு வர்றதுக்கு முந்தியே விழுந்ததுன்னேன்.

"அப்ப என்ற கை இல்லியா தம்பி?"

இல்லக்கா, மிஷினே சொல்லிருச்சுன்னேன். பாருங்க அம்மிணி, எட்டு மாசமா அது அப்படி நெனச்சுட்டு இருந்திருக்குது. நான் ஒரு வார்த்தை சொன்னவன் இல்ல. கூட்டிட்டுப் போலாம்னு வந்திருக்கறேன், துணியை எடுத்துட்டு வாக்கான்னேன்.

அக்கா சீலைத் தலைப்புல கையைத் தொடச்சுது. ஒவ்வொரு வெரலாத் தொடச்சுது. தொடச்சுட்டு லெட்டரைக் கையில வாங்கிச்சு. அதுக்கு இங்கிலீசு தெரியாதுங்க. சும்மா லெட்டருல இருந்த முத்திரையையே பாத்துட்டு இருந்துச்சு. பாத்துட்டே கேட்டுச்சு.

"மாமனுக்கு அப்படி ஆனப்ப நம்மய்யன் சொன்னாரே தம்பி, இவ கால் வெச்ச நேரம்னு. அப்படீன்னா அதுவும் நான் இல்லைதானே?"

முப்பத்தொம்பது வருசங்க அது. எங்களைப் பெத்த அய்யனும் போயி இருவது வருசமாச்சு. அக்கா என்ற மொகத்தைப் பாக்குது. நான் லெட்டரைத் திரும்ப வாங்கினேன். வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பாத்தேன், அங்க ஏதோ இருக்கறாப்புல. வாயில வந்தது ஒண்ணுதானுங்க.

"அதைப் பத்தி இதுல ஒண்ணும் போடலக்கா"ன்னேன்.

செரி தம்பி, ஒலை கொதிக்குதுன்னுட்டு அக்கா உள்ள போயிருச்சு. நான் பத்து நிமிசம் நின்னு பாத்துட்டு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.